ஜெஸி பெய்வித்த மழை

மும்பையில் டோம்பிவிலி லோக்கல் ரயில், லேடீஸ் பெட்டி. மூன்று பேர் பெஞ்சில் நாலு பேர் உட்காருவதுதான் அங்கே சட்டம். "தோடா கிஸ்கோ", கொஞ்சம் நகரு, என்று ஒருத்தி சொன்னால் போதும், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஆளுக்கு நாலு விரல் நகர்ந்துகொடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் செம்பூர் ஆபீசுக்குப் போய்வருகிறாள் ஜெஸி.

அங்கே அவள் வேலை, இல்லாத மழையைப் பெய்ய வைப்பது. சிரிக்காதீர்கள். மழை ரேடார் ஒரு சுற்று சுற்றினால் தகவல் மலையாகக் கொட்டும். எட்டு கம்ப்யூட்டர்கள் வானத்தைப் பங்குபோட்டு அலசி, அடுத்த சுற்றுக்குள் படமாக்கிவிட வேண்டும். ரேடாரும் இன்னும் வாங்கவில்லை, அந்த எட்டும் வாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஓட்டி, நேரத்துக்குப் படம் வருகிறது என்று அவள் காட்டினால்தான் வாங்குவார்கள். மூன்று வருஷ உழைப்பு. வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. தவறினால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலாளர் பிரம்மநாயகம் சொல்லிவிட்டார்.

எட்டில் ஒன்று செத்தால் கவலையில்லை, மற்றவை அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். சாகாமல் மந்தமானால்தான் வினை. இதோ, இதோ என்று அது இழுக்க, மற்ற ஏழும் மரியாதையாகக் காத்திருந்து படத்தைக் கோட்டைவிடும்.

வியாழக்கிழமை காலை திவா ஸ்டேஷனில் ஏறிய ஒருத்தி இடம் கேட்டாள். ஜன்னலோரக்காரி நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை. ஜெஸியும் பக்கத்தவளும் நகர்ந்துவிட்டார்கள். ஜெஸிக்குப் பொறிதட்டியது. அட, காத்திருப்பானேன்! ஆபீசில் நுழைந்ததும் அதையே எழுதினாள்: ஒன்று மந்தமானால் கேட்காதே, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்.

மறுநாள் பிரம்மநாயகமே ஐந்தாவது கம்ப்யூட்டரை மந்தமாக்கினார். ஏழும் நகர்ந்துகொடுத்தன. இரண்டு வினாடி மிச்சம் இருக்கையில் படம் வந்தது. மாஹிம் மேல் சிவப்பாக ஒரு பெருமழை, அடுத்த சுற்றில் தாராவியைத் தொட்டது. எவ்வளவு பெரிய வானம், எவ்வளவு சின்னத் தாராவி! பார்த்துக்கொண்டே நின்றவள், கை தானாகப் போனை எடுக்க, தாராவியில் இருக்கும் அம்மா அன்னமேரியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மாடியில துணி கெடக்கா? சீக்கிரம் எடு, பெருமழை வருது!"

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? இங்க வெயிலு மண்டையப் பொளக்கு!"

ஜெஸி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பெய்ய வச்ச நீயே நம்பிட்டியேம்மா. இனி நான் என்னத்தைச் சோதிக்க? ரேடார் வாங்கச் சொல்லிரலாம்."

ஜெஸிக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை இன்னும் வைக்கவில்லை. அம்மா மாடிப்படி ஏறி மூச்சிரைப்பது கேட்டது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். துணிய எடுத்துட்டேன்."