மண் கிடைக்காத கிட்டார்

1. கையை எடுத்தால் முனகும்

“அண்ணே, கைய எடுத்தா மொனங்குது. கைய வச்சா அடங்கிருது. இதுக்கு ஒங்ககிட்ட வைத்தியம் இருக்கா, இல்ல கோயில்ல போயித்தான் கேக்கணுமா?”

புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த ரேடியோ கடையின் வாசலில் நின்று இலுப்பூர் அருளப்பன் கேட்டது இப்படித்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கல்யாண வீட்டு மைக் செட், இவைதான் எங்களுக்கு வரும் வேலை. அவன் சொன்ன எலெக்ட்ரிக் கிட்டார் என்ற சாமானை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி நாகூர்கனி பாயும் பார்த்ததில்லை. ஆனால் கடைக்கு வந்தவரிடம் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“வயரு உள்ள போவுதுல்ல? சத்தம் வெளிய வருதுல்ல? அப்ப நம்ம சாமான்தான். தங்கவேலு, இலுப்பூரு போயி பாத்துட்டு வா” என்றார்.

தங்கவேலு நான்தான். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு அருளப்பனோடு பஸ் ஏறினேன். வழியில் அவன் கதை முழுவதையும் சொன்னான். கிட்டார் அவனுடைய அண்ணன் சூசையுடையது. சூசை பினாங்கில் ஒரு ஓட்டலில் வாசித்துப் பிழைத்தவன். காய்ச்சலில் செத்துப் போனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் அவனுடைய கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள்.

“எங்க ஆத்தாவுக்கு மொகம் பாக்கவும் குடுத்து வைக்கல, குழியில ஒரு பிடி மண்ணு போடவும் குடுத்து வைக்கலண்ணே. பெட்டிதான் வந்துச்சு” என்றான் அருளப்பன்.

வீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பிள்ளையைக் கிடத்துவது போல கிட்டாரைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் ஆம்ப்ளிஃபயர். அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார் அருளப்பனின் அம்மா சவரியம்மாள். என்னைப் பார்த்ததும் அவரே ஸ்விட்சைப் போட்டார். வால்வு செட் சூடாகச் சற்று நேரம் பிடிக்கும். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பீக்கரின் அடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது அந்தச் சத்தம்.

ஹம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஆயிரம் செட்டில் கேட்டிருக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. காய்ச்சல்காரன் தூக்கத்தில் அனத்துவது போல ஏறி இறங்கியது. அருளப்பன் போய் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தான். அடங்கிவிட்டது. எடுத்தான், மறுபடி ஆரம்பித்தது.

“மூத்தவன்தான் தம்பி” என்றார் சவரியம்மாள், சாதாரணமாக. “மத்தியானம் படுத்தா இப்புடித்தான் மொனங்குவான். கூடப் பொறந்தவன் கை பட்டா அடங்கிருவான். எனக்கு இந்தச் சத்தம் நிக்க வேணாம். சின்னவனுக்குத்தான் நிக்கணுமாம்.”

வேலைக்குப் போன வீட்டில் வாயைக் கொடுக்கக் கூடாது என்று பாய் சொல்லியிருக்கிறார். கிட்டாரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கிறது. அதிலிருந்து, ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் ஜாக்குக்குப் போகும் வயரில், ஈயம் உருக்கி ஒட்டிய சால்டர் ஒரு இடத்தில் விட்டிருந்தது. சால்டரிங் அயர்னால் அதைத் தொட்டேன்.

ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் பேசியது. “வந்துட்டேன்” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு இரைச்சல், அவ்வளவுதான்.

சவரியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். என் கையிலிருந்த அயர்ன் கோரைப்பாயில் விழுந்து பொசுங்கியதைக்கூட அருளப்பன்தான் பார்த்து எடுத்தான்.

“ரேடியோ ஸ்டேஷன்மா. விட்டுப்போன வயரு ஏரியல் மாதிரி இழுக்கும்” என்றேன். அது உண்மைதான், அப்படி இழுக்கும். ஆனால் என் குரல் எனக்கே சரியாக இல்லை.

சாயங்காலம் கடையில் பாயிடம் சொன்னபோது அவர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த நேரத்துல திருச்சி ஸ்டேஷன் மூடியிருக்குமேடா?” என்றார். பிறகு அவரே, “சிலோன் ரேடியோவா இருக்கும்” என்று முடித்துக்கொண்டார். நானும் அப்படியே முடித்துக்கொண்டேன்.

2. தகடு

சால்டர் வைத்த பிறகும் ஹம் போகவில்லை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் எர்த், அதாவது கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, கிடையாது. இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட், அதோடு சரி. ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸ், அதன் இரும்புச் சட்டம், தரையோடு எந்த ஒட்டும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. மனிதன் கை வைத்தால் அவன் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு இறங்கும். அதனால்தான் கை பட்டதும் அடங்கியது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சேஸிஸில் லேசாகக் கரண்ட் லீக்கும் இருந்தது. கப்பல் ஈரம் பட்ட டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் இருக்கும். எர்த் போட்டால் இரண்டும் அதில் இறங்கிவிடும் என்பதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த வேலை முறை.

மறுநாள் கடையிலிருந்து செப்புத் தகடு எடுத்துப் போனேன். வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவுக்குக் குழி தோண்டினோம். தகட்டில் கம்பியை இறுக்கிக் குழியில் நிறுத்தி, ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இன்றைக்கும் எர்த் பிட் இப்படித்தான்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் கடையில் புதைக்கிற எந்தத் தகட்டிலும் ஆணியால் எர்த் குறி கிறுக்க வேண்டும். மேலே ஒரு நீளக் கோடு, அதற்குக் கீழே குட்டையாக ஒன்று, அதற்கும் கீழே இன்னும் குட்டையாக ஒன்று. பக்கத்தில் நா.க. என்று பாயின் எழுத்து. நாளைக்கு வேறு மெக்கானிக் தோண்டினாலும் யார் போட்டது என்று தெரியட்டும் என்பது பாயின் பெருமை.

சவரியம்மாள் பின்கதவில் நின்று இதையெல்லாம் பார்த்தார். உள்ளே வந்து கம்பியை சேஸிஸில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். செட் சூடானது. சத்தமே இல்லை.

“என்னண்ணே செஞ்சீங்க?” என்று அருளப்பன் குதித்தான்.

“அவ்வளவுதான்ப்பா. மண்ணுக்குள்ள எறக்கியாச்சு. இனி வராது” என்றேன்.

தொழிலில் சொல்கிற வார்த்தைதான் அது. பின்கதவில் நின்ற சவரியம்மாளின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

3. டெஸ்டர் எரிந்தது

மாதா கோயில் திருவிழா நெருங்கிய சமயத்தில் அருளப்பன் மறுபடி கடைக்கு வந்தான். மேடையில் அவன் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடப் போகிறான். மைக் செட் எங்கள் கடையுடையது. முதல் மேடைக்கான ஒத்திகையில் ஆள் மெலிந்திருந்தான், கண் மட்டும் மின்னியது.

“மறுபடியும் மொனங்குதுண்ணே. முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. அதோட இன்னொண்ணு. வாசிக்கிறப்ப அண்ணன் கிள்ளுறான்.”

“கிள்ளுறானா?”

“வெரல்ல சுருக் சுருக்குங்குது. ஆத்தாகிட்ட சொன்னேன். நம்மகூடயே இருக்கான், பயப்படாதங்குது.”

அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு பஸ் எறும்பு மாதிரி போனதாக ஞாபகம்.

வீட்டில் அதே மத்தியானம், அதே கட்டில், அதே முனகல். இப்போது அது அனத்தல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுப்பது போல இருந்தது. அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்து கோரைப்பாயில் காலை வைத்துக்கொண்டு கிட்டாரை மடியில் எடுக்கப் போனான். “தொடாத!” என்று கத்தினேன். டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தேன்.

டெஸ்டருக்குள் இருந்த நியான் விளக்கு எரிந்தது. பிளக் பாயிண்டில் வைத்தால் எரிவது போல, சிவப்பாக, நன்றாக.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே முழுதாகப் பழுதாகி, கரண்ட் சேஸிஸ் வழியாகக் கிட்டார் கம்பிக்கே வந்துவிட்டது. எர்த் வேலை செய்திருந்தால் அன்றைக்கே ஃபியூஸ் போயிருக்கும். காய்ந்த பெஞ்சும் பாயும்தான் இத்தனை நாள் இவனைக் காப்பாற்றியிருக்கின்றன. மேடையில் தண்ணீர் தெளித்த தரையில் வெறுங்காலோடு நின்று, கையில் இந்தக் கம்பியோடு, எர்த் போட்ட மைக்கில் வாயை வைத்திருந்தால் பாட்டு முதல் வரியைத் தாண்டியிருக்காது.

பின்பக்கம் ஓடினேன். முருங்கை மரத்தடியில் குழி திறந்து கிடந்தது. கரி சிதறியிருந்தது. கம்பி மட்டும் வெறுமனே தொங்கியது. தகடு இல்லை.

உள்ளே வந்து சவரியம்மாளைப் பார்த்தேன். அவர் மாதா சுரூபத்துக்குக் கீழே கையை விட்டுத் தகட்டை எடுத்து என் காலடியில் போட்டார்.

“மூணு கோடு கிழிச்சு எழுத்து எழுதி, உப்பும் கரியும் போட்டு, எம் மகனக் கட்டிப் பொதைச்சிட்டியேடா பாவி! மண்ணுக்குள்ள எறக்கிட்டேன், இனி வரமாட்டான்னு ஒன் வாயாலயே சொன்னியே! நீ நல்லா இருப்பியா?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. செய்வினை வைக்கிறவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. தகட்டைக் குனிந்து பார்த்தேன். செம்பு, கோடு, எழுத்து, உப்பு, கரி. அந்த அம்மா கண்ணால் பார்த்தால் வேறென்னவாகத் தெரியும்? கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார். பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய டெஸ்ட் பல்பை எடுத்தேன். ஒரு வயரைக் கிட்டார் கம்பியில் சுற்றினேன். இன்னொன்றை வாசல் மண்ணில் நட்டிருந்த தண்ணீர்க் குழாயில் வைத்தேன். பல்பு எரிந்தது. கட்டிலில் கிடந்த கிட்டாரிலிருந்து, யாரும் தொடாமல், மங்கலாக, மஞ்சளாக.

“இந்த வெளிச்சம் திருவிழாவுல ஒங்க சின்ன மகன் ஒடம்புக்குள்ள போயிருக்கும்மா” என்றேன்.

சவரியம்மாள் பல்பைப் பார்த்தார். அருளப்பனின் விரல்களைப் பார்த்தார். அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

4. மண்

மகனின் கையை விடாமலே சவரியம்மாள் கேட்டார். “அப்ப அவன் ஏந்தான் தம்பி மொனங்குறான்?”

ஹம், லீக், சேஸிஸ் என்று சொல்லிப் பயனில்லை. எர்த் இல்லை என்பதைத் தமிழில் சொல்ல முயன்றேன், அவ்வளவுதான்.

“இதுக்கு மண்ணு கெடைக்கலம்மா. மண்ணு கெடைக்காம அந்தரத்துல நிக்கிது. அதான் மொனங்குது.”

சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். “கெடைக்கலையே! எம் ராசாவுக்குக் கெடைக்கலையே! பெத்தவ கையால ஒரு பிடி மண்ணு கெடைக்கலையே!”

நான் எதைச் சொன்னேன், அவர் எதைக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்தலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

ஆம்ப்ளிஃபயரைக் கடைக்குத் தூக்கி வந்தோம். பாய் டிரான்ஸ்ஃபார்மரைத் திருச்சிக்கு அனுப்பிப் புதுக் காயில் சுற்றி வாங்கினார். லீக் போய்விட்டது. ஆனால் ஹம்முக்கு எர்த் வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் மறுபடி அந்த முருங்கை மரத்தடியில் நின்றேன்.

தகட்டைக் குழியில் இறக்கி, கரியும் உப்பும் போட்டு முடித்ததும் சவரியம்மாள் கேட்டார். “நான் போடலாமா தம்பி?”

“நீங்கதாம்மா மொதல்ல போடணும்.”

ஒரு பிடி மண்ணை எடுத்து, சிலுவை போட்டு, குழிக்குள் விட்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அருளப்பன் ஒரு பிடி. பிறகு, என்னை யாரும் கேட்கவில்லை, நானும் ஒரு பிடி போட்டேன். மீதியை மண்வெட்டியால் மூடினேன்.

உள்ளே வந்து ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. அருளப்பன் கிட்டாரைத் தொடாமல் தள்ளி நின்றான். சவரியம்மாள் ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார். நானும் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குரல் இன்னொரு தடவை வருமோ என்று பயந்துகொண்டுதான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ஒறங்கிட்டான்” என்றார் சவரியம்மாள். எழுந்து அடுப்படிக்குப் போய் எனக்குச் சோறு போட்டார்.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “அந்தக் குழிக்கு அப்பப்ப தண்ணி ஊத்துங்கம்மா. காஞ்சு போனா மறுபடி மொனங்கும்.”

அருளப்பன் திருவிழாவில் நன்றாகவே பாடினான். நான் மைக் செட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அவன் வாசித்த நேரமெல்லாம் அவன் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வீட்டு மண்ணில் எதைப் புதைத்தாலும் அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் புதையுங்கள். முதல் பிடி மண்ணை அவர்கள் கையால் போடச் சொல்லுங்கள். தான் போட்ட மண்ணை யாரும் தோண்ட மாட்டார்கள். அதற்குப் பிறகு வல்லத்திராக்கோட்டை ரைஸ் மில்லிலிருந்து சாதாரண வீடுகள் வரைக்கும் நான் போட்ட எல்லா எர்த்தும் அப்படித்தான்.

சில வருஷம் கழித்து, மழையே இல்லாத ஒரு கோடையில், சவரியம்மாள் வீட்டுத் தெருவில் வேறொரு வேலையாகப் போனவன் எர்த்தைச் செக் பண்ணலாமே என்று பின்பக்கம் போனேன். ஊரில் எந்தக் குழியும் ஈரமாக இல்லாத நேரம். அங்கே மட்டும் மண் குளிர்ந்து கருத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குடம் கவிழ்த்து வைத்திருந்தது. கம்பியைச் சுற்றிலும் மெழுகுவத்தி உருகி, பழைய மெழுகின் மேல் புது மெழுகு படிந்திருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு நல்ல எர்த்தை என் சர்வீஸில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.