கழற்ற முடியாத மாலை

புகையும் குடியும் ஆயுளை எப்படி அரிக்கின்றன என்று ஒரு வாசகர் வட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கைதட்டல் ஓய்வதற்குள் கட்டடத்தின் பின்புறம் போய் சிகரெட் பற்ற வைத்தவன் நான். சால்வையோடு என்னைத் தேடி வந்த செயலாளர், புகையைக் கையால் விலக்கிவிட்டுச் சால்வையை என் தோளில் போர்த்தினார். விஷயம் தெரியாமல் செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பது வயதிலேயே ஒரு டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். தறி இருக்கும் அறையில் நெருப்பு ஆகாது. ஒரு பொறி விழுந்தால் முகூர்த்தப் புடவை போச்சு. அதனால் பீடிக்குத் தெருவுக்கு எழுந்து போவார். ஊரில் சாராயக்கடை திறந்த பிறகு, தெருவிலிருந்து அப்படியே அங்கே போவதும் பழக்கமாயிற்று. அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. வேலை முடிந்ததும் அவள் படுத்துவிடுவாள். தறி ஓய்ந்த வீட்டில், பக்கத்து வீட்டு ரேடியோவில் வரும் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். நெல்லுக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் மனப்பாடம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

ஒரு ஐப்பசியில் அப்பாவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. அத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்.

"ஈரல் வீங்கிக் கெடக்குதுப்பா. பீடி ஒண்ணே ஆளைத் தீர்த்துடும். சாராயம் ஒண்ணே தீர்த்துடும். ரெண்டும் சேர்ந்தா கூட்டல் கணக்குன்னு நெனைக்காத. பெருக்கல்!"

"கொஞ்சமாத்தான் சார்..."

"எதைக் கொஞ்சமா? பெருக்கலையா?"

எனக்கோ ஏழாம் வாய்ப்பாட்டிலேயே தகராறு. பெருக்கல் என்றாலே பயம். அப்பா சாகப் போகிறார் என்பது அப்படித்தான் எனக்கு விளங்கிற்று.

கார்த்திகை பிறந்ததும், எங்கள் தெருவிலிருந்து சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போகும் குருசாமியிடம் அப்பா மாலை போட்டுக்கொண்டார். கழுத்தில் மாலை இருக்கும்வரை பீடி கிடையாது, சாராயம் கிடையாது. சாயங்காலம் குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்லிவிட்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். மாலை போட்டவருக்கு எதிரே நிற்பவரெல்லாம் சாமி. "இன்னா சாமி, இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்று என்னைக் கேட்பார். சாப்பிட்டு முடித்ததும், "ஏழெட்டு எவ்ளோ சாமி?" நான் தப்பாகச் சொன்னாலும் திட்ட முடியாது, விரதம். அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை, என் மனைவி உட்பட.

மலைக்குப் போய் வந்ததும் மாலையைக் கழற்றிவிடுவார்கள் என்பதை அத்தை போகிற போக்கில் சொன்னாள். கழற்றினால் பீடி. பீடிக்குப் பின்னால் சாராயம். அப்புறம் பெருக்கல்.

தை பிறந்து சில நாளில் அப்பா திரும்பினார். வந்து இறங்கியது இராகுகாலம் என்பதால், சாயங்காலம் பிள்ளையார் கோவிலில் கழற்றலாம் என்றார் குருசாமி. விரதத்தில் பகல் தூக்கம் ஆகாது. மலை ஏறி இறங்கிய கால்கள் அதைக் கேட்கவில்லை. அப்பா பாயில் குப்புறப் படுத்துத் தூங்கினார். நான் தறியடியில் கிடந்த பட்டு நூல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். பிடரிப் பக்கம் மாலையைச் சேர்த்துப் பிடித்து, தலை நுழையாதபடி குறுக்கிக் கட்டினேன். மேலே துண்டை இழுத்து மூடினேன்.

கோவிலில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, குருசாமி மாலையை மேலே தூக்கினார். அது காதில் வந்து நின்றது. சாய்த்துத் தூக்கினார். மூக்கில் நின்றது.

"இன்னா சாமி, மலைக்குப் போனதுல தலை பெருத்துடுச்சா?" என்றார் கூட வந்தவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அரசமரத்தின் இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"உட்டுடுங்க சாமி," என்றார். "இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்ன்றாரு."

"யாரு?"

"அவருதான்," என்று மேலே காட்டினார்.

மாலை இருந்தால் விரதமும் இருக்க வேண்டும் என்று குருசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாராயக்கடைக் கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். "இன்னும் எத்தினி நாளைக்கு மச்சான் இந்த வேஷம்?"

"நானா மாட்டேன்றேன்? சாமி உடமாட்டேன்றாருப்பா."

நான் உள்ளே உட்கார்ந்து பட்டு நூலின் உறுதியை மெச்சிக்கொண்டிருந்தேன். தை போயிற்று, மாசி போயிற்று. நாங்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை வந்துவிட்டோம்.

பங்குனியில் ஒருநாள் குளித்துவிட்டு வந்த அப்பாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. மாலை சாமி படத்தில் தொங்கிற்று. நூல் இற்றுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவர் தெருவுக்கு எழுந்து போனார். நான் ரேடியோவுக்குத் திரும்பினேன். கரும்புக்கு உரம் வைப்பதைப் பற்றிச் சொன்னார்கள்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்தார். ஈரலா நுரையீரலா என்று ஆஸ்பத்திரியிலேயே இரண்டு அபிப்பிராயம் இருந்தது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அந்த வருஷம் என் பட்டு நூல்தான் அப்பாவைப் பங்குனிவரை பிடித்து வைத்திருந்தது என்று அத்தையிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அத்தை பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"அதுவா? மறுநாளு தலைக்குத் தண்ணி ஊத்துனதுமே அவுந்துபோச்சுடா. வூடு பூரா நூலு, ஒரு முடிச்சு போடத் தெரியல உனுக்கு. தெனம் குளிச்சுட்டு அண்ணன்தான் என்னாண்ட வந்து குனியும், கட்டும்மான்னு."