மைக்குக்கு ஆகாத குரல்

மைக்செட்காரர் வீட்டுக்குப் போனால் முதலில் மூக்கில் ஏறுவது ஈயப் புகை. கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை உண்டு. அதன்மேல் யாரும் சாப்பிட்டதாகச் சாட்சி இல்லை. வயிறு திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயர்கள்தான் அங்கே நிரந்தர விருந்தாளிகள். அவற்றின் நடுவே, நழுவும் மூக்குக்கண்ணாடியோடும் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலோடும் உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி. எல்லோருக்கும் அவர் ஈயக்காரி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது.

"பித்தளைன்னு சொல்லாத வரைக்கும் சரிதான்" என்பார்.

கல்யாணத்துக்கு முன்பு ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவர். இப்போது கணவர் மாடிமேல் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் இவர் பாடு. பெயர்ப்பலகையில் கணவர் பெயர் மட்டும்தான். கேட்டால், "உள்ள இருக்கிறது நான், வெளிய தொங்குறது அவரு" என்று சிரிப்பார்.

ஒரு சாயங்காலம் தையல் ஆலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சட்டைக் கழுத்து தைக்கும் பிரிவில் வேலை என்பதால் அவளுக்குப் பெயரே காலர்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சங்கத் தேர்தல். செயலாளருக்கு நிக்கிறேன்."

"நில்லு. யாரு வேணாம்னா?"

"நின்னா போதுமா? பேசணுமே. போன தடவை என் பேச்சு எப்படி நாறிப்போச்சுன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த ஆலையில் துணி வெட்டும் கூடத்தின் பின்கதவை வேலை நேரத்தில் பூட்டிவிடுவார்கள். துணி திருடு போகுமாம்! போன தேர்தலுக்குச் சற்று முன்பு அங்கே கந்தல் குவியலில் தீப்பிடித்தது. பெண்கள் ஓடிப்போய் மோதியது பூட்டிய கதவில். யாரோ தண்ணீர் வாளியைக் கவிழ்த்ததால் பிழைத்தார்கள். அதைத்தான் காலர் மேடையில் சொன்னாள். மண்டபத்துக்குக் கேட்டதோ பானைக்குள் வண்டு உறுமுவது போன்ற ஒரு முனகல். பின்வரிசை சிரித்தது. பதவியை விட்டு இறங்காததால் 'நிரந்தரம்' என்று பெயர் வாங்கிய செயலாளர் மைக்கைப் பிடித்து, "தங்கச்சி நல்ல பொண்ணு. ஆனா மைக்குக்குப் பொம்பளைக் குரல் ஆகாது" என்றார். அதோடு கதவின் கதை முடிந்தது. பூட்டு அப்படியே இருந்தது.

"அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்றார் மைக்செட்காரர், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "எத்தனை மேடை பாத்துட்டேன். பொம்பளைங்க பேசினா இந்தப் பெட்டி மக்கர் பண்ணுது. கண்ணால பாத்தது."

கண்ணால் பார்த்தது! சூரியன் நம்மைச் சுற்றுகிறது என்பதும் கண்ணால் பார்த்ததுதான்.

ஈயக்காரி சூட்டுக்கோலைக் கீழே வைத்தார். அன்று மண்டபத்தில் பெட்டியருகே உட்கார்ந்து, ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகியவர் ஈயக்காரிதான். கேட்கவில்லை என்று கத்தினார்கள், ஏற்றினார். ஏற்ற ஏற்றச் சத்தம் கூடியது, சொல் கூழானது. அது அப்போதிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் இந்த மைக் முன்னாடி குந்துங்க."

"எதுக்கு?"

"குந்துங்கன்னா."

மைக்செட்காரர் குந்தினார். மைக் அவர் தலைக்கு மேலே நின்றது. "இப்ப பேப்பரைப் படிங்க." அவர் படித்தார், ஒன்றும் எடுபடவில்லை. ஈயக்காரி குமிழை ஏற்றினார். மாடியே அதிரும் அந்தக் குரல் பானைக்குள் வண்டாக உறுமியது. காலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, உங்க குரலும் மைக்குக்கு ஆகாது போல!"

பிறகு ஈயக்காரி குமிழை இறக்கி, மைக்கை வாயருகே வைத்துப் பேசினார். கண்ணாடிபோல் தெளிவு. குற்றம் குரலில் இல்லை, குமிழை ஏற்றுவதில் இருக்கிறது.

சங்க மண்டபத்தின் மைக் கம்பத்தை மேடையிலேயே சிமெண்ட் போட்டு நட்டிருக்கிறார்கள், முன்னாள் தலைவர் ஒருவரின் உயரத்துக்கு. அவ்வளவு உயரமில்லாத பெண்களின் குரல் மைக்குக்குப் போய்ச் சேர்வதே ஐந்தில் ஒரு பங்கு. உயரமான ஆணுக்கு நூறு மடங்கு பெருக்கினால் போதும். இவர்களுக்கு ஐந்நூறு மடங்கு வேண்டும்.

அந்தப் பெட்டியில் மைக்கின் குரலைப் பெருக்குவது ஒரே ஒரு சில்லு, அதாவது நகத்தளவு ‘சிப்’. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: எத்தனை மடங்கு பெருக்குகிறதோ, அதையும் எந்த அதிர்வெண் வரை பெருக்குகிறதோ, அதையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால் விடை எப்போதும் பத்து லட்சம். நூறு மடங்கு என்றால் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகும். ஐந்நூறு என்றால் இரண்டாயிரத்தோடு சரி. உயிரெழுத்தின் முழக்கம் அதற்குள் அடங்கிவிடும். ச, த, ட என்று சொல்லைச் சொல்லாக்கும் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் மிஞ்சுவது முனகல்தான்.

"அப்ப நான் ஒரு பெட்டி மேல ஏறி நிக்கணுமா?" என்றாள் காலர்.

"நிக்கிறியா?"

"மாட்டேன். உயரமாகணும்னா வந்தேன்? கேக்கணும்னு வந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லு. சுமையை ஒருத்தன் தலையிலயே ஏத்தினா முதுகு ஒடியத்தான் செய்யும். ரெண்டு பேரா தூக்கட்டும்."

முதல் சில்லு இருபத்தைந்து மடங்கு, அடுத்தது இருபது மடங்கு. பெருக்கினால் அதே ஐந்நூறு. ஆனால் முன்னது நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும், பின்னது ஐம்பதாயிரம் வரை. இரண்டும் சேரும்போது சற்றுச் சுருங்கி முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மனிதக் காதுக்கு இருபதாயிரத்துக்கு மேல் எதுவும் எட்டாது.

கேட்கக் கூடாதவர்கள் என்று சிலரை ஒதுக்கி, அவர்கள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சட்டம் எழுதிய உத்தமர்கள் இந்த உலகில் இருந்திருக்கிறார்கள். ஈயக்காரி அதே ஈயத்தை உருக்கி இரண்டாவது சில்லைப் பற்றவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. காலர் மேடைத் தரையில் நின்றபடியே, தன் உயரத்திலேயே பேசினாள். கதவு, தீ, வாளி என்று ஒவ்வொரு சொல்லும் விளிம்போடு போய் விழுந்தது. ஈயக்காரி குமிழில் வைத்த கையை எடுக்கவில்லை. கண் மட்டும் பின்வரிசையில் இருந்தது. சிரிப்பு வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"கதவைத் தொறந்து வெச்சா துணி திருடு போகாதா? அந்தப் பழி நம்ம மேல வராதா?"

ஈயக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கணவரின் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா, எதிர்த்துப் பேசுறாரு!"

"அதுக்கு ஏன் உனக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"கேட்டாத்தானே எதிர்க்க முடியும்?"

மேடையில் காலர் பதில் சொன்னாள்: "அண்ணே, துணி போனா திரும்ப நெய்யலாம். உங்க வீட்டம்மாவும் அந்தக் கூடத்துலதானே வேலை பாக்குறாங்க?"

அவர் உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது, சற்றுத் தயங்கி, காலருக்குத்தான் தூக்கினார்.

நிரந்தரம் தற்காலிகமாகிவிட்டார். முதலாளியோடு இழுபறி நடந்தது, மிரட்டலும் வந்தது. ஆனால் இப்போது பேசுவது காலர். பூட்டு கழன்றது, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் வந்தது.

மைக்செட்காரர் இன்று போகுமிடமெல்லாம் இரண்டு சில்லுக் கதையைச் சொல்கிறார், தானே கண்டுபிடித்ததுபோல. நடுவில் மனைவி கண்ணில் பட்டால் மட்டும், "வீட்ல போட்ட கணக்கு" என்று சேர்த்துக்கொள்கிறார்.

போன வாரம் ஈயக்காரி சங்க மண்டபத்துக்குப் போனபோது கையில் சூட்டுக்கோல் இல்லை. ஓர் உளியும் சுத்தியலும் இருந்தன.

"என்னக்கா, பெட்டி ரிப்பேரா?" என்றாள் காலர்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றபடி மேடையேறி, கம்பத்தின் அடியில் சிமெண்டைத் தட்டிப் பார்த்தார். "ஏத்தி இறக்குற மாதிரி ஒண்ணு நடணும். வந்து இதைப் பிடி."