ஒரு பூகூட இல்லாத மடம்

போன மாதம் நான் ஒரு மோசடிக்குச் சம்மதித்தேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற அதே நான்தான்!

இரணியலிலிருந்து முட்டம் போகிற வழியில் ஒரு பழைய மடம் இருக்கிறது. கப்புச்சின் என்ற கத்தோலிக்கச் சாமியார்கள் – தாடி, முரட்டுத் துணி அங்கி, இடுப்பில் ஒரு கயிறு – கட்டிக் குடியிருந்த இடம். அவர்கள் போய்ப் பல வருஷமாயிற்று. இப்போது எங்கள் வாசகசாலை அங்கேதான் நடக்கிறது. இந்தப் பத்தியை எழுதுவதே அங்கே உட்கார்ந்துதான்.

அந்த மடத்தை இடித்து, கல்லை உடைத்து, ரோட்டுக்குச் சல்லி போடப் போகிறார்களாம். தடுக்க ஒரே வழி, சர்க்காரின் பாதுகாப்புப் பட்டியலில் அதைச் சேர்ப்பது. மனுப் போட்டேன். தலைநகரமான திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆபீஸர் வந்தார். கையில் கேள்விகள் அச்சடித்த ஒரு பாரம்.

சிற்பம் உண்டா? இல்லை. கல்வெட்டு? இல்லை. கோபுரம்? மணி தொங்கவிடச் சுவரில் ஒரு திறப்பு, அவ்வளவுதான்.

"ஒரு பூகூட இல்லியே ஸார்! எதைக் காட்டி நான் இதைக் காப்பாத்தச் சொல்றது?" என்றார். நல்ல மனுஷர். பாரத்தை என்னிடமே கொடுத்து, "நிதானமா நிரப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம். பூ இல்லைதான்... ஆனால் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வராந்தா. ஆனிச் சாரலோ ஐப்பசி மழையோ, ஒரு சொட்டு உள்ளே வராது. அறைக்கு ஒரே ஜன்னல். சித்திரை வெயிலிலும் கடல்காற்று தேடி வந்து புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டும். இதையெல்லாம் எழுத அந்தப் பாரத்தில் இடம் எங்கே?

மயிலாடியில் செல்லப்பன் என்று எனக்கொரு சிநேகிதர். கல் வேலையில் கெட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கா வே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? பூ வேணும், அவ்வளவுதானே? வாசலுக்கு மேல ரெண்டு தாமரை வெட்டித் தாறேன். மோரும் சாம்பலும் போட்டுத் தேச்சா இருநூறு வருசத்துக் கல்லு மாதிரி ஆயிரும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எப்ப வாறீரு?" என்றேன்!

சனிக்கிழமை காலை உளிப் பையோடு வந்தார். வாசல் கல்லில் கரித்துண்டால் தாமரை வரைந்தார். ஸ்டூலில் ஏறி உளியை வைத்தவர், சுத்தியலை ஓங்கவில்லை. இறங்கினார். தூண் தூணாகத் தடவிப் பார்த்தார். முற்றத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று... யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று எனக்கோ பதற்றம்.

"நடக்காது வே," என்றார்.

"ஏன், கல்லு சரியில்லியா?"

"கல்லுக்கு என்ன கொள்ளை? தூணைப் பாரும். ஒரு மூலை பிசகல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல முடி நுழையாது. இம்புட்டு வேலை தெரிஞ்சவனுக்குப் பூ வெட்டத் தெரியாதா? வேண்டாம்னு விட்டிருக்கான் வே! இதுல நான் தாமரை வெட்டுனா, சாமியாருக்கு மைனர் செயின் போட்டு விட்ட மாதிரி இருக்கும்."

தோள் துண்டால் கரிக்கோட்டை அழித்துவிட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆபீஸருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் பூ எங்கே என்று கேட்டார். நான் பூவை ஒட்டக் கிளம்பினேன்! ராஜா கட்டினால்தான் சரித்திரமா? ஒன்றும் வேண்டாமென்று வாழ்ந்தவர்கள் கட்டியது மட்டும் ரோட்டுச் சல்லிக்கா?

பாரத்தை அன்றைக்கே நிரப்பினேன். சிற்பம் – இல்லை. கல்வெட்டு – இல்லை. கோபுரம் – இல்லை. பாதுகாக்க வேண்டிய காரணம் – 'மேலே சொன்ன மூன்றும்'.

'திருத்தி அனுப்பவும்' என்று திரும்பி வந்தது. ஒரு எழுத்துக்கூடத் திருத்தாமல் மறுபடி அனுப்பினேன்.

வருகிற திங்கட்கிழமை லாரி வருகிறதாம். வரட்டும்! வாசகசாலைச் சாவி என் மடியில் இருக்கிறது. செல்லப்பனும் வந்து வாசலில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். கடப்பாரையோடு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் தூண்களில் ஒரு பிசகு காட்டுங்கள்...

முதல் கல்லை நானே பெயர்த்துத் தருகிறேன்.