முப்பது கஜத்துக்கு ஒரு தோட்டா

லிவர்மோர் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் என் அலுவலகத் தோழியின் குடும்பத்துக்கு ஒரு மாட்டுப் பண்ணை உண்டு. வசந்தத்தில் அங்கே காட்டு வான்கோழிகள் வரும், வேட்டைக்கு வா என்று அவள் அழைத்தபோது எனக்கு வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுத்தான் பழக்கம். குறி தவறினால் தட்டுக்கு வலிக்காது.

என் கணவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "அடிபட்டுப் புதருக்குள்ள ஓடிடுச்சுன்னா? அப்புறம் நீ நிம்மதியா இருப்பியா?"

கோழிக் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒரே தோட்டாவில் உயிர் போக வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால் சுடக் கூடாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

என் துப்பாக்கியின் ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் நிறையச் சிறு குண்டுகள் இருக்கும். ஈயம் நஞ்சு என்பதால் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. கடையில் மூன்று வகை இருந்தன. எஃகு லேசானது, சீக்கிரம் வேகம் இழக்கும். பிஸ்மத் ஈயத்தைவிடக் கொஞ்சம் லேசு. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம்; அதனால் மிகச் சிறிய குண்டுகளே போதும், ஒரே தோட்டாவுக்குள் நிறைய அடங்கும். காரோ குக்கரோ, நூறு ரிவ்யூ படிக்காமல் வாங்காத கூட்டம் நாங்கள். போதாததற்கு நான் படித்ததும் உலோகவியல். அடர்த்தி, குண்டின் அளவு, வேகம் என்று ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். எல்லா வரிசையிலும் டங்ஸ்டன் ஜெயித்தது. வாங்கிவிட்டேன்.

"இத்தனை வருஷமா ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சோம்" என்றார் கணவர். "வேட்டைக்குப் போற நிஜ ஆயுதம் இப்பதான் வந்திருக்கு."

காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் பண்ணைக்கு வரக் கூடாது என்று தோழி கண்டிப்பாகச் சொல்லி, தன்னிடமிருந்த பிஸ்மத் தோட்டாக்களையும் கொடுத்தாள். சுடும் திடலுக்குக் கணவரும் வந்தார். வான்கோழியின் தலையும் கழுத்தும் வரைந்த தாளை முப்பது கஜத்தில் மாட்டி, டங்ஸ்டனைப் போட்டுச் சுட்டேன். துளைகள் நெருக்கமாக, அழகாக விழுந்திருந்தன. ஆனால் தலைக்கு மேலே, இடது பக்கம். மறுபடி சுட்டேன். அதே இடம்.

"புள்ளி எல்லாம் சூப்பர். ஆனா பக்கத்து வீட்டு வாசல்ல கோலம் போட்டுட்ட."

"டேட்டா தப்பில்லப்பா."

"டேட்டா தப்பில்லம்மா. உன் துப்பாக்கி அதைப் படிக்கல."

உண்மைதான். உலகத்தில் உள்ள தோட்டாக்களையெல்லாம் ஒப்பிட்ட நான், அவை என் துப்பாக்கியிலிருந்து எப்படிப் போகும் என்று பார்க்கவில்லை. பிஸ்மத்தைப் போட்டேன். அத்தனை நெருக்கம் இல்லை. ஆனால் கழுத்தைச் சுற்றிச் சரியாக விழுந்தது. தாளை நாற்பது கஜத்துக்குத் தள்ளிச் சுட்டபோது ஒரு கழுத்து தப்பிக்கும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. பிஸ்மத், முப்பது கஜத்துக்குள் மட்டும் என்று முடிவு செய்தேன்.

பண்ணையில் விடியற்காலையில் நானும் கணவரும் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். முப்பது கஜத்தில் இருந்த பாறையைத் தொலைவுமானியால் அளந்து வைத்தேன். வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்து ஓர் ஆண் வான்கோழி தோகையை விரித்துக்கொண்டு வந்தது. பாறைக்கு அப்பால் நின்றுவிட்டது.

"சுடு, சுடு" என்று கிசுகிசுத்தார், வேண்டாம் என்றவர்.

"இன்னும் கிட்ட வரணும்."

"போயிடப் போகுது!"

"போகட்டும்."

அது அங்கேயே சுற்றியது. ஒரு முறை திரும்பிக்கூட நடந்தது. பிறகு என்ன நினைத்ததோ, பாறையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து கழுத்தை நீட்டியது. சுட்டேன்.

விழுந்த இடத்திலேயே இறக்கைகள் படபடவென்று தரையில் அடித்தன. கணவர் என் தோளைப் பிடித்தார். "ஐயோ, உயிரோட இருக்கு."

அருகில் போனேன். தலை அசையவில்லை. ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டேன், இமைக்கவில்லை.

"உயிர் போயிடுச்சு. இது வெறும் நரம்புத் துடிப்பு."

இறக்கைகள் அடங்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்து, கலைந்த இறகுகளைக் கையால் நீவிவிட்டார்.

"வலிச்சிருக்குமா?"

"தெரிஞ்சே இருக்காது" என்றேன். அன்று என்னால் அதைச் சொல்ல முடிந்தது.