கடல் சாமந்தி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாப்பாவுக்கு ஏறும் சேலைனைக் காட்டி, "உப்புத் தண்ணிதானே, சொகமாகிடும் மகள்" என்கிறார் உம்மா.

சிறுவயதில், கடற்பாறைக் குழியொன்றில் பூவென்று நான் விரல் வைத்ததும் அது மூடிப் பிடித்துக்கொண்டது. "பேர்தான் கடல் சாமந்தி. பூவில்ல மகள், உசிருள்ள ஒண்டு" என்றார் வாப்பா. ஒட்டியிருந்த கல்லோடு அதைப் போத்தலில் போட்டு மலைநாட்டிலுள்ள எங்கள் ஊர் அக்குறணைக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் கலங்கியதும் வாப்பா குழாய்த் தண்ணீரில் கறியுப்பைக் கரைத்து ஊற்றினார். "உப்பிருந்தா அதுக்குக் கடல்தான்."

மறுநாள் காலையில் அதில் விரல் வைத்தேன். அது மூடவில்லை. இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்க்கச் சொன்னார் உம்மா.

இப்போது வாப்பாவின் உள்ளங்கையில் என் விரலை வைக்கிறேன். கை விரிந்தபடியே கிடக்கிறது.

"இன்னொரு போத்தல் ஏத்தச் சொல்லவா?" என்று கேட்கிறார் உம்மா.