சிவப்புப் பெயிண்டின் மேல் நான் போட்ட வழக்கு

எங்கள் ஆய்வுகூடத்தின் மேல்மாடி ஜன்னலில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். அதன் ஒரு மூலையில், கரைக்கு இழுத்த வள்ளங்களின் அடியைச் சுரண்டிப் பெயிண்ட் பூசும் இடத்தில் என் கணவர் வேலை செய்தார். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது. தெரியாவிட்டாலும் நான் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் கருவிலேயே கலைந்து போயிருந்தன. டொக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "காரணம் ஒண்டும் தெரியேல்ல, திரும்ப முயற்சி செய்யுங்கோ" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை போகுமா? எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

குற்றவாளி தேடுவதுதான் என் தொழிலும். ஒரு ரசாயனம் மரபணுவைக் கெடுக்குமா என்று போத்தலில் வளரும் விலங்கு உயிர்க்கலங்களில் சோதிப்போம். ஹம்ஸ்டர் என்ற சின்ன எலியின் நுரையீரலில் இருந்து எந்தக் காலத்திலோ எடுத்த கலங்கள் அவை. அந்த எலி செத்து மண்ணாகிவிட்டது. கலங்கள் மட்டும் உடம்புச் சூடு வைத்த பெட்டிக்குள், போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. பொங்கலோ பெருநாளோ, அவற்றின் ஊட்டத் திரவத்தை மாற்றாமல் எனக்கு லீவு கிடையாது. என் வயிற்றில் நிற்க மாட்டேன் என்ற உயிர் இந்தப் போத்தலில் மட்டும் கேட்காமலே பெருகுவதைப் பார்த்தால் எரிச்சல் வரும். பிறகு பாவமாக இருக்கும். மூடியை மெதுவாகத் திருகி வைப்பேன்.

ஒரு நாள் சோதனைக்கு வந்த சாமான்களில் வள்ளத்தின் அடிக்குப் பூசும் சிவப்புப் பெயிண்டும் இருந்தது. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அதில் நஞ்சு கலப்பார்கள். மூடியைத் திறந்ததும் என் கணவரின் மணம் வந்தது. அகப்பட்டாயா என்று நினைத்தேன்.

வீட்டில் நான் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாயிற்று. வேலை விட்டு வருகிறவர் கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். அவருடைய உடுப்புக்குத் தனி வாளி. கட்டிலில் எங்கள் நடுவில் ஒரு தலையணை. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே அவருக்காக ஏங்கினேன்.

இந்தச் சோதனை ஒரு நாளில் முடிவதல்ல. பெயிண்டைக் கரைத்து, கூடக்குறைய அளவுகளில், உடம்புக்குள் ஈரல் அதை மாற்றுவது போல இருக்க ஈரல் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் கலங்களுக்குக் கொடுத்து, கழுவி, மாற்றம் வெளிப்படும்வரை வளர்க்க வேண்டும். பிறகு எல்லாத் தட்டுகளிலும் ஒரு மருந்து விடுவோம். நல்ல கலங்கள் அதில் செத்துவிடும். அந்த மருந்தை நஞ்சாக்கும் மரபணு கெட்டுப்போன கலம் மட்டும் தப்பிப் பெருகும், சாயம் போட்டால் நீலப் புள்ளியாகத் தெரியும். கெட்டது பிழைக்கும் என்ற இந்த நியாயத்தை என்னால் சகிக்கவே முடிந்ததில்லை.

புள்ளிகளை எண்ணுகிறவருக்கு எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. அதனால் எங்கள் பொறுப்பாளர் அக்கா பெயர்களை மறைத்து வெறும் இலக்கங்களை ஒட்டிவிடுவார். நான் எண்ணிக்கொண்டு போனேன். பல தட்டுகளில் அங்கொன்று இங்கொன்று. சில தட்டுகளில் மட்டும் அம்மை போட்டது போல நிறைய. எண்ணுவதை விட்டு எழுந்தே விட்டேன். சந்தோஷத்தில்தான்.

"அக்கா, இதுதான் பெயிண்ட். எனக்குத் தெரியும்."

"பொறுங்கோ தங்கச்சி" என்று அவர் பெயர்களைத் திறந்தார். புள்ளி நிறைந்தவை, சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நாங்களே வேண்டுமென்று நஞ்சு கொடுத்த தட்டுகள். பெயிண்ட் தட்டுகளுக்கும் ஒன்றுமே கொடுக்காத தட்டுகளுக்கும் வித்தியாசம் இல்லை. திரும்பவும் செய்தோம். அதே கதைதான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். "இது இந்தக் கலத்தில, இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். பிள்ளை ஏன் நிக்கேல்ல எண்டு இதால சொல்ல ஏலாது" என்றார். நான் கழிவறைக்குள் போய் அழுதேன். கோபப்பட எனக்கு இருந்த ஒரே இடமும் போய்விட்டது.

அன்று பின்னேரம் கணவர் கிணற்றடியில் வாளியோடு நிற்கும்போதே சொன்னேன்.

"உங்கட பெயிண்டச் சோதிச்சனாங்கள். அது மரபணுவைக் கெடுக்கேல்ல."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நானில்லையா?"

"என்ன நானில்லையா?"

"பிள்ளையள் போனது என்ர வேலையாலதான் எண்டு நினைச்சனான். நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீர் எண்டு தெரியும். அதுதான் ஒண்டும் கேக்கேல்ல."

நான் வழக்குப் போட்டது ஒரு பெயிண்ட் டின்னின் மேல் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை காலமும் கூண்டில் நின்றவர் இவர்.

"இது ஒரு சோதனைதான். வேற காரணம் இருக்கலாம். காரணமே இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் தலையாட்டினார். பிறகு கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூத்தது இருந்திருந்தா இப்ப நடை பழகியிருக்கும், என்ன?" என்றார். அன்றைக்கு முன் பிள்ளைகளைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

"ஓம்" என்றேன். "பிடிக்க ஏலாமல் ஓடித் திரிஞ்சிருக்கும்."